காலைத் தட்டுக்கு முந்தின இரவு

உலக நாடுகளின் காலை உணவு என்று படம் போட்டு வரும் பட்டியல்களை நான் ஒன்று விடாமல் பார்ப்பேன். துருக்கி என்றால் மேசை கொள்ளாத கிண்ணங்கள். இங்கிலாந்து என்றால் முட்டை, பன்றி இறைச்சி, பீன்ஸ், காளான், வதக்கிய தக்காளி எல்லாம் அடைத்த பெரிய தட்டு. ஜப்பான் என்றால் சோறு, மிசோ சூப், சுட்ட மீன், ஊறுகாய் என்று சின்னச் சின்னப் பாத்திரங்கள். இத்தாலிக்கு மட்டும், பாவம், ஒரு கோப்பை காபியும் ஒரு பன்னும். பார்க்கிறவருக்கு இத்தாலிக்காரர்கள் மேல் இரக்கமே வந்துவிடும்.

இதில் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. துருக்கிக்கு ஞாயிற்றுக்கிழமையைக் காட்டுகிறார்கள், இத்தாலிக்குச் செவ்வாய்க்கிழமையை. செவ்வாய்க்கிழமை காலையில் இஸ்தான்புல்லில் வேலைக்கு ஓடுகிறவர் கையில் பெரும்பாலும் எள் ஒட்டிய சிமித் வளையம் ஒன்றும் ஒரு கிளாஸ் டீயும்தான் இருக்கும். லண்டனில் அதே நேரத்தில் டோஸ்ட்டோ, பால் ஊற்றிய சீரியலோ. டோக்கியோவிலும் பல வீடுகளில் தடித்த ரொட்டித் துண்டைச் சுட்டு, வெண்ணெய் தடவி, காபியோடு முடித்துக்கொள்கிறார்கள். வேலை நாளில் மீன் சுட யாருக்கு நேரம் இருக்கிறது? நகோயாவின் காபிக் கடைகளில் இதை ஒரு வழக்கமாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் ஒரு காபி சொன்னால் டோஸ்ட்டும் பெரும்பாலும் அவித்த முட்டையும் கூடவே வந்துவிடும், அதற்குத் தனிக் காசு கிடையாது.

ஆக, ஒப்பிடுவதென்றால் செவ்வாயைச் செவ்வாயோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகு, தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட வேறொரு கேள்விதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. இதற்காக முந்தின ராத்திரி யார் விழித்திருந்தார்கள்? காலையில் எந்த ஊரிலும் சமைக்க நேரம் இருப்பதில்லை. சூடாக, நன்றாக ஒன்று வாய்க்கு வருகிறது என்றால், நாம் தூங்கும்போது யாரோ வேலை செய்திருக்கிறார்கள், அல்லது ஏதோ ஒன்று தானாக வெந்துகொண்டோ புளித்துக்கொண்டோ இருந்திருக்கிறது. (இட்லி, தோசையைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. அதற்கு ஆள் நிறைய இருக்கிறது.)

இந்தக் கணக்கில் என் முதல் மார்க் எகிப்துக்கு. அங்கே ஃபுல் என்றொரு உணவு. காய்ந்த ஃபாவா பீன்ஸை ஊறவைத்து, கழுத்து குறுகிய பெரிய பானையில் போட்டு, ராத்திரி முழுக்கச் சிறு தீயில் விட்டுவிடுவார்கள். கழுத்து குறுகலாக இருப்பதால் ஆவி வெளியே போகாமல் உள்ளேயே திரும்ப விழும், தண்ணீர் சுண்டாது. விடியும்போது பீன்ஸ் தோலோடு குழைந்திருக்கும். ஒரு நீளக் கரண்டியை அந்தக் கழுத்துக்குள் விட்டு எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றி, எண்ணெய், சீரகத்தூள், எலுமிச்சை, உப்பு சேர்த்து லேசாக மசிப்பார்கள். தவிடு ஒட்டிய தட்டை ரொட்டியைக் கிழித்து அதில் அள்ளிச் சாப்பிட வேண்டியதுதான். பழைய கெய்ரோவில் இதற்கெனத் தனி அடுப்புகூட இல்லை என்பார்கள். பொதுக் குளியலறைகளுக்கு வெந்நீர் போட எரித்த அடுப்பின் தணலில் பானைகளைப் புதைத்து வைத்துவிடுவார்களாம். குளிப்பவருக்கு மூட்டிய நெருப்பில் மிச்சம், மறுநாள் ஊருக்கே சாப்பாடு.

ஃபுல்லை நான் மெச்சுவதற்கு இன்னொரு காரணம், அது பகல் முழுக்கத் தாங்கும். ரமலான் மாதத்தில் விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹர் உணவுக்கும் எகிப்தில் பலர் இதையேதான் எடுத்துக்கொள்கிறார்கள். பதினைந்து மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கப் போகிற ஒருவர் நம்பிச் சாப்பிடுகிறார் என்றால், அதைவிடப் பெரிய சான்றிதழ் எதற்கு? மலிவு, சூடு, உப்பு, புளிப்பு, வயிறு நிறையும். காலை உணவில் எனக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது.

அடுத்து வரிசையாகத் தெருக்கள். மியான்மரில் மொஹிங்கா. கெளுத்தி மீனை எலுமிச்சைப் புல், இஞ்சி, மஞ்சளோடு வேகவைத்து, முள் நீக்கி, வாழைத்தண்டு போட்டுக் கொதிக்க விட்டு, கடலை மாவோ வறுத்த அரிசி மாவோ கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு. அதை மெல்லிய அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, அவித்த முட்டை, மொறுமொறு வடை, கொத்தமல்லி, எலுமிச்சை, மிளகாய்த்தூள் போட்டுத் தருவார்கள். இத்தனையும் காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் தயாராக இருக்கிறது என்றால், விற்கிற அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வியட்நாமின் ஹனோயில் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பும் அப்படித்தான், மாட்டெலும்பு மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும். கணுக்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் காலி செய்யும் கிண்ணத்துக்குப் பின்னால் ஓர் இரவு முழுக்க எரிந்த அடுப்பு இருக்கிறது.

சீனாவின் வூஹான் நகரம் இதில் கொஞ்சம் தந்திரசாலி. அங்கே காலையில் ரகன்மியன் என்ற நூடுல்ஸ். முன்கூட்டியே முக்கால் பதத்துக்கு வேகவைத்து, எண்ணெய் தடவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஆறவைத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் வந்ததும் ஒரு கைப்பிடியைச் சல்லடைக் கரண்டியில் போட்டுக் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்து, எள் விழுது, சோயா சாஸ், ஊறுகாய் முள்ளங்கி போட்டுக் காகிதக் கிண்ணத்தில் கொடுத்துவிட வேண்டியது. வாங்கியவர் அதை நடந்துகொண்டே சாப்பிடுவார், பேருந்து ஏறும் முன் முடித்தும் விடுவார். எள் விழுது கெட்டி, சீக்கிரம் கிளறாவிட்டால் நூடுல்ஸ் கட்டி தட்டிவிடும். அதனால் வூஹான்காரர் கையில் கிண்ணம் வந்ததும் முதலில் செய்வது கிளறுவதுதான்.

காலை உணவைத் தெருவுக்கு விட்டுவிட்ட ஊர்கள் விவரமான ஊர்கள் என்பது என் கட்சி. 'வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா' என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. வரட்டும். வீட்டில் விடிகாலை எழுந்து நிற்பவருக்குச் சம்பளம் கிடையாது, வாரம் ஒருநாள் லீவும் கிடையாது. அது யார் என்று எல்லா நாட்டிலும் ஒரே பதில்தான். தெருவில் நிற்பவருக்கு உழைப்பு குறைவில்லை, ஆனால் கிண்ணத்துக்கு இவ்வளவு என்று காசாவது கைக்கு வருகிறது.

இத்தாலியையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் இரக்கம் போய்விடும். கொர்னெத்தோ பன்னைச் சுட்டவர் ராத்திரி விழித்திருக்கிறார். கப்புச்சினோ போடுபவர் கைவேகம் தனி வித்தை. வாடிக்கையாளர் நின்றபடி குடிக்கிறார், இரண்டு வார்த்தை பேசுகிறார், போகிறார். வீட்டில் சாப்பிடுபவர்கள் பிஸ்கட்டைப் பால் காபியில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, என் வயிறுதான் ஒத்துழைப்பதில்லை. இனிப்பு பன்னோடு ஆரம்பித்த நாளில் பத்து மணிக்கெல்லாம் எனக்கு யார் மேலாவது எரிந்து விழத் தோன்றும்.

பிரான்சின் க்ருவாசானுக்கு ஒரு கதை சொல்வார்கள். 1683இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது, நள்ளிரவில் மாவு பிசைந்துகொண்டிருந்த ரொட்டிக்காரர்கள், எதிரிகள் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் சத்தத்தைக் கேட்டு ஊரை எழுப்பினார்களாம். அந்த வெற்றியின் நினைவாகப் பிறை வடிவில் ரொட்டி சுட்டார்களாம். நடந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை, பிற்காலத்தில் கட்டிய கதை. வியன்னாவின் பிறை ரொட்டி பாரிஸுக்கு வந்தது 1830களின் கடைசியில், ஔகுஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரியர் அங்கே ஒரு வியன்னா பேக்கரி திறந்தபோது. இப்போது நாம் சாப்பிடும் அடுக்கடுக்கான வெண்ணெய் வடிவம் அதற்கும் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் செய்தது. கதை பொய்தான். ஆனாலும் ஊர் தூங்கும்போது விழித்திருப்பது ரொட்டிக்காரர்தான் என்ற ஒரு விஷயத்தைக் கதை கட்டியவர் சரியாகப் பிடித்துவிட்டார்.

அந்த விழிப்பு ஒரு காலத்தில் பெரிய தொழிலாளர் பிரச்சினையாகவே இருந்தது. சூடான ரொட்டி ஏழு மணிக்கு மேசைக்கு வர வேண்டும் என்பதற்காக, காற்றோட்டமில்லாத நிலவறைகளில் ராத்திரி முழுக்க மாவு பிசைந்தார்கள். பிரான்ஸ் 1919இல் இரவு 10 மணியிலிருந்து காலை 4 மணி வரை பேக்கரி வேலையைத் தடை செய்து சட்டம் போட்டது. 1925இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பேக்கரி இரவு வேலைக்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. வேறெந்தச் சாப்பாட்டு வேளைக்கு இந்த மரியாதை கிடைத்திருக்கிறது? மதிய உணவைச் சமைப்பவர் தூக்கம் பற்றி உலகம் கூடிப் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம் அமெரிக்கா வருகிறது, கதையே மாறிவிடுகிறது. 1863இல் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் தன் சுகவாழ்வு இல்லத்தில் கிரானுலா என்று ஒரு கோதுமைத் தானிய உணவைச் செய்தார். கல் மாதிரி இருக்கும், ராத்திரியே பாலில் ஊறப்போட்டால்தான் காலையில் பல் இறங்கும். மிச்சிகனில் பேட்டில் கிரீக் சானடோரியம் என்ற சுகவாழ்வு இல்லத்தை நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக்கும் அவர் தம்பி வில் கீத் கெல்லாக்கும் 1890களில் வேகவைத்த தானியத்தை உருளைகளுக்கு இடையே தட்டி, சுட்டு, மெல்லிய இதழ்களாக்கினார்கள். பாலை ஊற்றினால் அந்த நிமிடமே சாப்பிடலாம். ஊறவைக்கிற ராத்திரியும் போனது, அடுப்பும் போனது. அண்ணன் அதை நோயாளிகளுக்கான பத்தியமாகப் பார்த்தார். தம்பி 1906இல் தனிக் கம்பெனி தொடங்கி, சர்க்கரை சேர்த்து, அட்டைப் பெட்டியில் போட்டு நாடு முழுக்க விற்றார். அண்ணன் தம்பி வழக்கு பல வருஷம் நீதிமன்றத்தில் ஓடியது. அதே சானடோரியத்தில் நோயாளியாக இருந்த சி. டபிள்யூ. போஸ்ட், வெளியே வந்து போட்டியாகத் தானியக் கம்பெனி தொடங்கியது தனிக்கதை.

பெட்டி விற்க வேண்டுமென்றால் காலை உணவுக்கே ஒரு மவுசு வேண்டும். 'பல வகையில் காலை உணவே நாளின் மிக முக்கியமான உணவு' என்ற பொருளில் லென்னா கூப்பர் என்ற உணவியலாளர் 1917இல் எழுதிய கட்டுரை வெளிவந்தது அண்ணன் கெல்லாக் ஆசிரியராக இருந்த பத்திரிகையில்தான். சீரியல் மட்டுமல்ல, பன்றி இறைச்சியும் முட்டையும்தான் உண்மையான அமெரிக்கக் காலை உணவு என்ற எண்ணத்தைப் பரப்பியதிலும் விளம்பரத்துக்குப் பங்கு உண்டு. 1920களில் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர நிபுணர் ஓர் இறைச்சிக் கம்பெனிக்காக, கனமான காலை உணவு நல்லது என்று ஆயிரக்கணக்கான மருத்துவர்களிடம் கருத்து வாங்கிச் செய்தித்தாள்களில் வரச் செய்தார். பாட்டி காலத்து வழக்கம் என்று நாம் நினைப்பதில் பாதி, யாரோ ஒரு விளம்பரக்காரர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் யோசித்ததாக இருக்கலாம். இன்றைய நிலவரம் வேண்டுமென்றால், காலையில் சாப்பிடுவது எடை குறைய உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்று 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற கிறிஸ்தவ இறையியலாளர், நேரத்துக்கு முன்பே சாப்பிடுவதைப் பெருந்தீனி என்ற பாவத்தின் வகைகளில் ஒன்றாகவே வைத்தார். பசித்தால் சாப்பிடுங்கள், பசிக்காவிட்டால் விடுங்கள். எனக்குப் பசிக்கும்.

கார்ன்ஃபிளேக்ஸை நான் சாப்பிடுவதில்லை. முதல் நிமிடம் மொறுமொறுப்பு, மூன்றாம் நிமிடம் நனைந்த அட்டை, இடையில் பரபரப்பு. ஆனால் திட்டவும் மனசு வரவில்லை. ராத்திரி யாரும் விழித்திருக்கத் தேவையில்லாத காலை உணவு அது. எட்டு வயதுப் பிள்ளை தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும். அம்மா இன்னும் இருபது நிமிடம் தூங்கலாம். அந்த இருபது நிமிடத்தைக் கொடுத்த பிறகு ருசி பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஜப்பான் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. ருசியை விட்டுக்கொடுக்கவில்லை, விழித்திருப்பவரை மட்டும் மாற்றிவிட்டது. 1955இல் தோஷிபா தானியங்கி மின்சார ரைஸ் குக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செய்தவர் மினாமி யோஷிதாதா. சோதித்துச் சோதித்துக் குறிப்பெடுத்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. இரட்டைப் பாத்திரம். வெளிப் பாத்திரத்துத் தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், இரண்டு உலோகத்தாலான ஸ்விட்ச் வளைந்து மின்சாரத்தை நிறுத்தும். அதுவரை சோறு பொங்கி அடங்கும்வரை அடுப்பருகே ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. நேரம் வைத்து ஓடவிடும் வசதியும் சேர்ந்த பிறகு, படுக்கும் முன் அரிசியைக் களைந்து போட்டால் எழும்போது சோறு தயார். கெல்லாக் பெட்டியோடு ஒப்பிட்டால் என் ஓட்டு இதற்குத்தான்.

சோறு இருந்தால் கூட நாட்டோ வரும். சோயா பீன்ஸை அவித்து ஒருவகை பாக்டீரியாவைக் கொண்டு புளிக்கவைப்பது. அதுவும் நாம் தூங்கும்போது தானாக வேலை பார்க்கும் ரகம்தான். ஒரு சின்னத் தெர்மகோல் பெட்டி, திறந்தால் மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள், தாளுக்கு மேல் ஒரு பொட்டலம் சாஸ், ஒரு பொட்டலம் கடுகு. தாளை உரிக்கும்போதே நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும், அதை மடித்துச் சுருட்டத் தெரியாவிட்டால் விரல், மேசை, சட்டைக் கை எல்லாம் ஒட்டும். சாப்ஸ்டிக்கால் வேகமாகக் கிளறக் கிளற நுரைத்து வெளுக்கும். நாற்றம் பற்றி ரொம்பப் பயமுறுத்துவார்கள். மூக்குக்கு அது பழைய சீஸ், நாக்குக்கு வெறும் பயறு. எனக்கு உறுத்துவது மணம் இல்லை, சாப்பிட்டு முடித்த பிறகும் உதட்டிலிருந்து கிண்ணம் வரை தொங்கும் அந்த நூல்தான். ஜப்பானிலேயே டோக்கியோ பக்கத்தில் விரும்புகிற அளவுக்கு ஒசாகா பக்கத்தில் விரும்புவதில்லை. சூடான சோற்றோடு என்றால் நான் சாப்பிடுவேன், ஒரு டீ உள்ளே போன பிறகு.

இங்கே ஒன்று கவனித்திருக்கிறேன். ராத்திரி சாப்பாட்டில் எந்த நாட்டுப் பண்டத்தையும் முயன்று பார்க்கிற ஆட்கள் காலையில் பிடிவாதக்காரர்களாகிவிடுவார்கள். சுஷி பிரியர் ஒருவரிடம் காலை ஏழு மணிக்கு மீன் நீட்டிப் பாருங்கள், முகம் சுளிப்பார். தூங்கி எழுந்த நாக்கு புதிய அறிமுகங்களை ஏற்பதில்லை. சிங்கப்பூரின் அரை வேக்காட்டு முட்டையைப் பலர் தள்ளி வைப்பதும் இதனால்தான். கொதிநீரில் சில நிமிடம் ஊறிய முட்டையைச் சாசரில் உடைத்து விட்டால் வெள்ளைக்கரு பாதி உறைந்து பாதி ஓடும். அதன் மேல் கறுப்பு சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும். பக்கத்தில் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் கிண்டிய கயா தடவி, நடுவில் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டு வைத்த டோஸ்ட். பிரிட்டிஷ் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்த ஹைனான் சீனர்கள் பிறகு சொந்தக் கடை வைத்துப் பிரபலமாக்கியது இது. எசமானுக்குச் சுட்ட டோஸ்ட்டைத் தங்கள் நாக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். டோஸ்ட்டை முட்டையில் முக்கும்போது இனிப்பும் உப்பும் சேர்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இனிப்புக்கு உப்பு காவல் இருந்தால் காலையிலும் ஆட்சேபம் இல்லை.

துருக்கியின் ஞாயிற்றுக்கிழமை மேசையையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. வான் நகரம் இதற்குப் பேர்போனது. காட்டு மூலிகை கலந்த ஆட்டுப்பால் சீஸ், ஆலிவ், தேன், எருமைப் பாலாடை, தக்காளியும் மிளகாயும் முட்டையும் சேர்த்த மெனெமென், தீராத டீ. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். நான் அந்த மேசையில் நாள் முழுக்க இருப்பேன். ஒரே ஒரு சந்தேகம்தான், அத்தனை கிண்ணங்களையும் கழுவுவது யார்?

பெரிய ஹோட்டல் பஃபேயில் இந்த நாடுகள் எல்லாம் ஒரே அறையில் கிடைக்கும், ஒன்றுகூட உருப்படியாக இருக்காது. நூடுல்ஸ் ஊறிப் போயிருக்கும், டோஸ்ட் ஆறியிருக்கும். நான் சூப்பையும் முட்டையையும் ஆலிவையும் எடுத்துக்கொண்டு, பீன்ஸ் எங்கே என்று தேடுவேன். இனிப்பு மேசைப் பக்கம் போவதில்லை. டச்சுக்காரர்களின் ஹாகல்ஸ்லாக் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. வெள்ளை ரொட்டியில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, அதன் மேல் சாக்லேட் துகளைத் தூவிச் சாப்பிடுவது. பிறந்தநாள் கேக்கில் தூவுவதை நெதர்லாந்தில் பெரியவர்களும் வேலை நாளில், டை கட்டிக்கொண்டு, சர்வசாதாரணமாகச் சாப்பிடுகிறார்கள். ராத்திரி யாரும் விழிக்கவில்லை, யாரும் எதையும் ஊறவைக்கவில்லை, சத்து என்று யாரும் பொய் சொல்லவுமில்லை. வெண்ணெய் தடிமனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துகள் ஒட்டாமல் மடியில் கொட்டும்.